இரண்டு கேரவனுக்கு நடுவில்

சாய்நாத் தன் கேரவனைக் கொண்டுவந்து நிறுத்திய அந்தக் காலையிலேயே ஆம்ப்ரோஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

கோட்டூர்புரத்தில் ஆற்றுப் பக்கமாக ஒரு காலி மனை. அடுத்த பங்களாவில் இருபத்தைந்து நாள் படப்பிடிப்பு. நடிகர்கள் உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் இரண்டு கேரவன்கள் வரவழைத்திருந்தார்கள். ஐந்து வண்டி தாராளமாக நிற்கக்கூடிய மனை அது. ஆம்ப்ரோஸ் முதல் நாளே விடியலில் வந்து, கிழக்கு மூலையில் முன்பக்கமாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, ஜெனரேட்டர் புகை எந்தக் கதவுக்கும் போகாதபடி பார்த்துக்கொண்டு, சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார். எட்டு மணிக்கு வந்த சாய்நாத், அங்கே இருந்த ஒரே வேப்பமரத்தின் நிழலுக்கு ஆசைப்பட்டு, பின்பக்கமாகவே ஓட்டி வந்து ஆம்ப்ரோஸின் வண்டியோடு ஒட்டி நிறுத்தினான். கதவில்லாத பக்கங்கள் ஒட்டி, இரண்டு வண்டியும் முதுகோடு முதுகு. நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாகத் திரும்பினால்தான் நுழைய முடியும்.

கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி ஆம்ப்ரோஸ் கேட்டார். சாய்நாத் இறங்கக்கூட இல்லை. சீட்டில் இருந்தபடியே சிரித்தான்.

"இன்னா நைனா, உன் கதவு அந்தாண்ட கீது, என் கதவு இந்தாண்ட கீது. முதுகுப் பக்கம் எவன் வரப்போறான்?"

அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் ஆம்ப்ரோஸுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. இருபத்தைந்து நாள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டியவன், முதல் நாளே எதற்குச் சண்டை என்று திரும்பி வந்துவிட்டார்.

ஆம்ப்ரோஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. கேரவன் ஓட்ட ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம். சாந்தோமில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அண்ணன் கிளிஃபர்ட் தலைமை ஆசிரியர், மனைவி ஜோன் நாலாம் வகுப்பு டீச்சர். இவர் ஒருவர்தான் படிப்பு ஏறாமல் ஸ்டியரிங் பிடித்தார். கோயில் பூசை முடிந்து வாசலில் நின்று பேசும்போது கிளிஃபர்ட் தம்பியை யாருக்காவது அறிமுகம் செய்தால், 'டிரான்ஸ்போர்ட்ல இருக்கான்' என்பார். சினிமா என்ற சொல் அவர் வாயில் வராது.

ஆனால் ஆம்ப்ரோஸ் தன் வேலையைச் சாதாரணமாக நினைத்ததில்லை. கேரவன் என்பது மூன்று அறையும் மூன்று கதவும் கொண்ட ஒரு வீடு, அதற்குக் காவலும் தானே, வேலைக்காரனும் தானே என்று நினைத்தார். அறைகளுக்கு நடுவே இருப்பது வெறும் பலகைச் சுவர். இந்த அறையில் இருமினால் அந்த அறையில் கேட்கும். அதனால் அவர் தனக்கென்று சில பழக்கங்களை வைத்திருந்தார். கதவை இரண்டு முறைதான் தட்டுவார்; தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொள்வார். கதவு திறக்கும்போது உள்ளே பார்க்க மாட்டார். உள்ளே யார் அழுதாலும் யார் யாரோடு சண்டை போட்டாலும் அவர் காது கேளாதவர். ஒரு முறை ஒரு நடிகையும் அவள் கணவனும் அந்த அறையிலேயே பிரிந்துபோவதாகப் பேசி முடித்தார்கள். அடுத்த வாரம் ஊரெல்லாம் அதே பேச்சு. ஜோன் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, உன் வண்டியில் நடந்ததாமே என்று விசாரித்தாள். தெரியாது என்றார். பொண்டாட்டியிடம் கூடவா என்று அவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு சாய்நாத் போன்ற ஒருவன் அண்டை வண்டிக்காரனாக வந்தால் எப்படி இருக்கும்? இரண்டாம் நாள் ஆம்ப்ரோஸின் வாளியைக் கேட்காமல் எடுத்துப்போய்த் தன் வண்டியைக் கழுவினான். மூன்றாம் நாள் கழிவுத் தொட்டியின் குழாயைச் சரியாக மூடாமல் விட்டு, நாற்றம் இரண்டு வண்டியையும் தூக்கியது. நாலாம் நாள் தன் பக்கத்து நிழலை விட்டுவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆம்ப்ரோஸ் வண்டியின் கதவுகளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். போனில் பாட்டு வேறு. ஆம்ப்ரோஸ் ஒவ்வொன்றுக்கும் கத்தினார். வாளிக்காகக் கத்தியது பங்களா வரைக்கும் கேட்டது. சாய்நாத் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. 'சரி நைனா, சரி நைனா' என்று சிரித்துக்கொண்டே போய், மறுநாள் அதையே செய்தான்.

ஃபிசா வந்து கேட்டதும் அந்த நாலாம் நாள்தான்.

ஃபிசா ஐஸ்ஹவுஸ் பக்கத்துப் பெண். இருபத்து நாலு வயது. கதாநாயகியின் அலுவலகத் தோழியாக ஆறு காட்சிகளில் வருகிறாள். அதில் இரண்டில் வசனம் உண்டு. இதற்கு முன் கூட்டத்தில் நின்றிருக்கிறாளே தவிர, கேமராவுக்கு முன்னால் வாயைத் திறந்ததில்லை. அவளைப் போன்ற துணை நடிகைகளுக்குக் கேரவன் கிடையாது. பங்களாவின் கார் ஷெட்டில் இரண்டு புடவையைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால்தான் உடை மாற்ற வேண்டும். லைட் தூக்குகிறவர்களும் டீ கொண்டுபோகிறவர்களும் அந்த வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். காற்றடித்தால் புடவை பறக்கும்.

அவள் பத்தடி தள்ளி நின்று, ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, பிறகுதான் 'அண்ணா' என்றாள். அது ஆம்ப்ரோஸுக்குப் பிடித்திருந்தது. அண்ணா, ஒரு பத்து நிமிஷம் உள்ளே விட்டால் போதும், டிரெஸ் மாற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று கேட்டாள். முதல் அறை கதாநாயகனுக்கு, இரண்டாவது டைரக்டருக்கு. மூன்றாவது அறை வில்லனாக நடிக்கிறவருக்கு ஒதுக்கியது. அவர் கடைசி வாரம்தான் வருவார். அதுவரை பூட்டியே கிடக்கும். ஒதுக்காதவர்களை உள்ளே விடக்கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. பத்தொன்பது வருடத்தில் ஆம்ப்ரோஸ் அதை மீறியதில்லை. அன்று மீறினார். சாவியைத் திருகிக் கதவைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"நான் வாசல்லயே நிக்கிறேன்மா. ஒரு ஈ காக்கா வராது" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வருவாள். பத்து நிமிடம் என்றால் பத்தே நிமிடம்தான். அறையை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போவாள். ஒரு முடி கீழே கிடக்காது.

ஆறாம் நாள் ஒன்று நடந்தது. நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஃபிசா மூன்றாம் கதவைத் திறந்து உள்ளே போனாள். எதிரே நாற்காலியில் இருந்த சாய்நாத் போனில் இருந்து கண்ணை எடுத்து அந்தக் கதவைப் பார்த்தான். கதவு மூடிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, உடம்பை முறித்துக்கொண்டு, இரண்டு வண்டிக்கும் நடுவிலிருந்த சந்துப் பக்கம் போனான். ஆம்ப்ரோஸ் பார்த்தார். மனசில் ஏதோ உறுத்தியது. ஒன்றுக்குப் போகிறான் போல என்று விட்டுவிட்டார். வாளிக்காக அந்தக் கத்துக் கத்தியவர், இதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினோராம் நாள், காலை பத்தரை மணி இருக்கும். ஃபிசா உள்ளே இருந்தாள். ஆம்ப்ரோஸ் வழக்கம்போல் தெருவைப் பார்த்து நின்றிருந்தார். காலடியில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் இருந்து சேறும் தண்ணீருமாக வந்து செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் சடசடவென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம். சாய்நாத் வண்டிக்கூரைத் தொட்டிக்குக் குழாய் போட்டு நிரப்புகிறான், நிரம்பி வழிகிறது, ஆளைக் காணோம் என்று புரிந்தது. இந்தக் கோடையில் லாரித் தண்ணீரை இப்படிக் கொட்டுகிறானே, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வேகமாகச் சுற்றிப் போனார்.

ஆள் கூரையில்தான் இருந்தான். குப்புறப் படுத்திருந்தான். குழாய் அவன் பக்கத்தில் தன்பாட்டுக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஒரு கை இரண்டு வண்டிக்கும் நடுவே நீண்டு, ஆம்ப்ரோஸ் வண்டியின் மூன்றாம் அறையில் உடை மாற்றுகிற குளியலறைக்கு மேலே காற்றுக்காக வைத்திருந்த சின்ன ஜன்னலுக்கு நேராக நின்றது. கையில் போன்.

எதையோ பழுது பார்க்கிறான் என்றுதான் ஆம்ப்ரோஸுக்கு முதலில் தோன்றியது. அவர் மனசு அதற்கு மேல் போக மறுத்தது. பிறகு ஒரே நொடியில் புரிந்தது. வண்டிகள் ஒட்டி நின்றதால்தான் அந்தக் கை எட்டுகிறது என்பதும் அதோடு சேர்ந்தே புரிந்தது.

பின்னால் இருந்த ஏணியில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். ஈரத் தகரத்தில் வழுக்கிக்கொண்டு ஏணியை ஒட்டிக் கீழே வந்து விழுந்தான். ஆம்ப்ரோஸ் போனைப் பிடுங்கிக்கொண்டு, இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று வைத்தார். சும்மா ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன் நைனா என்று அவன் உளறினான். அதைக் கேட்டதும் ஆம்ப்ரோஸுக்குத் தலைக்கு ஏறியது. தொண்டை கிழியக் கத்தினார்.

"பொண்ணு துணி மாத்தறத போன்ல எடுக்கறான்யா இவன்! எல்லாரும் வாங்கய்யா, வந்து பாருங்கய்யா இந்த நாய!"

வந்தார்கள். லைட்காரர்கள், சமையல்காரர்கள், உதவி இயக்குநர்கள், எதிர்வீட்டு வாட்ச்மேன் என்று நாற்பது பேர் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் கதவு திறந்தது. ஃபிசா வாசலில் நின்றாள். பாதி மேக்கப். துப்பட்டாவை இரண்டு கையாலும் கழுத்தோடு அழுத்திப் பிடித்திருந்தாள். எந்தப் பெண், எந்தப் பெண் என்று தேடிக்கொண்டிருந்த நாற்பது பேர் கண்களும் ஒரே நேரத்தில் அவள்மேல் போய் நின்றன. அவள் படியிறங்கி, யாரையும் பார்க்காமல், கூட்டத்துக்கு நடுவே நடந்து பங்களாவுக்குள் போய்விட்டாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் சுந்தரராமன் வந்தார். மயிலாப்பூர்க்காரர், முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர், சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அந்தப் பொண்ணு மூணாம் ரூம்ல எதுக்குய்யா இருந்தா? யார் அலாட் பண்ணினது?"

ஆம்ப்ரோஸுக்குக் காதில் விழுந்தது நிஜம்தானா என்று இருந்தது. நான்தான் திறந்துவிட்டேன், அதற்கும் இவன் செய்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். சுந்தரராமன் அவர் தோளில் கைபோட்டுத் தனியாகக் கூட்டிப்போனார். போனைத் தன்னிடம் கொடுத்தால் தானே எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகவும், சாய்நாத்தை இன்றே அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். வெளியே தெரிந்தால் படமே நின்றுபோகும், இருநூறு பேர் வாயில் மண் விழும் என்றார். கடைசியாக, நீ ரூமைத் திறந்துவிட்டதை நானும் மறந்துவிடுகிறேன், உன் முதலாளி காதுக்குப் போகாது என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் ஆம்ப்ரோஸ் கையை உதறினார். வண்டிக்குப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். மூன்று கதவையும் பூட்டினார். சாவியையும் போனையும் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, முதல் கதவின் படியில் உட்கார்ந்தார். போலீஸ் வருகிறவரை இந்த வண்டி எவனுக்கும் திறக்காது என்றார்.

பதினொன்றரைக்கு ஷாட் முடிந்து கதாநாயகன் வந்தார். விஷயம் கேள்விப்பட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் வந்து கெஞ்சினார். சாய்நாத் முதலில் காலில் விழுந்தான். பிறகு, என் போனை நீ வைத்திருப்பது திருட்டு என்று மிரட்டினான். ஏக்காட்டுத்தாங்கலில் இருந்து கேரவன் முதலாளி நாலு முறை போன் செய்தார், ஆம்ப்ரோஸ் எடுக்கவில்லை. வெயில் ஏறியது. வேலை நின்றது. படியில் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸுக்கு அந்தக் கோபம் கள் குடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் காது கேளாதவனாகவும் கண் தெரியாதவனாகவும் நின்றவன், இன்றைக்கு மொத்தப் பேரையும் நிறுத்தி வைத்திருக்கிறான். ஒரு பெண்ணுக்காக நிற்கிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

அவளாகத்தான் வந்தாள். இவ்வளவு நேரமும் கார் ஷெட்டில், அந்தப் புடவைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாளாம். அழுத முகம் இல்லை. வழக்கமாக நிற்கிற பத்தடி தூரத்தில் நிற்கவில்லை. நேராகப் படிக்கு முன்னால் வந்து நின்றாள். நீ கவலைப்படாதேம்மா, இவனை விடமாட்டேன் என்று ஆம்ப்ரோஸ் ஆரம்பித்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணா?"

ஆம்ப்ரோஸுக்குப் புரியவில்லை.

"கத்தறதுக்கு முன்னாடி. கதவைத் தட்டி எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்ல? அவன் எடுத்தது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். இப்ப இங்க இருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். என்னைப் பாக்கறப்ப எல்லாம் அதைத்தான் நெனச்சிப்பாங்க. உங்க கோபம் சாயங்காலம் ஆறிடும். நான் நாளைக்கும் இதே ஆளுங்க முன்னாடி வந்து நிக்கணும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் ஆம்ப்ரோஸை வாழ்நாளில் யாரும் அப்படி அறைந்ததில்லை. பதில் சொல்ல வாயெடுத்தார். உனக்காகத்தானே என்று வந்தது. அதைச் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது.

அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தார். சாய்நாத்தைக் கூப்பிட்டுப் போனின் பூட்டைத் திறக்கச் சொன்னாள். அவன் முரண்டு பிடித்தான். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். யாரும் அவன் பக்கம் இல்லை. விரலை வைத்துத் திறந்தான். அவள் கேரவனுக்குள் போகவில்லை. அந்த அறையின் பக்கமே திரும்பவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். ஆம்ப்ரோஸின் ஜெபமாலை தொங்குகிற, அவர் சாப்பாட்டு டப்பா இருக்கிற இடம் அது. ஆம்ப்ரோஸ் இறங்கி, நாலடி தள்ளிப்போய், முதுகைக் காட்டி நின்றார்.

பத்து நிமிடம் ஆயிற்று. சுந்தரராமன் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். ஆம்ப்ரோஸ் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

அவள் இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. சுந்தரராமன் தணிந்த குரலில், அழித்துவிட்டாயா அம்மா, நல்லது, இதோடு போகட்டும் என்றார்.

"அழிக்கல சார். என்னுது மட்டும் இருந்திருந்தா இங்கயே அழிச்சிட்டுப் போயிருப்பேன். இதுல நாலஞ்சு பேர் இருக்காங்க. யாருன்னே எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது."

போனைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு தன் காட்சி இரண்டு மணிக்கு இருக்கிறது, அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன், அதற்குள் யாராவது இந்தப் பையைத் தொட்டால் கேமரா முன்னாலேயே சொல்வேன் என்றாள். ஆம்ப்ரோஸைப் பார்த்து, கதவைத் திறந்துவிடுங்கள் அண்ணா, வேலை நடக்கட்டும் என்றாள். அவர் போய்க் கதவுகளைத் திறந்து, ஜெனரேட்டரைப் போட்டார்.

அவள் அந்தக் காட்சியில் நடித்தாள். வசனம் உள்ள காட்சி. ஆம்ப்ரோஸ் போய்ப் பார்க்கவில்லை. இரண்டே டேக்கில் முடித்தாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். இதற்கிடையில் சாய்நாத் வண்டியை அப்படியே போட்டுவிட்டு எங்கோ நழுவிப் போயிருந்தான். நாலு மணிக்கு அவள் அக்கா வந்தாள். இருவரும் ஆட்டோவில் ஏறிப் பெண்கள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஆம்ப்ரோஸ் தானும் வரவா என்று கேட்கவில்லை. ஆட்டோ கிளம்பும் முன் அவளே எட்டிப் பார்த்து, நாளைக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள், வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றார்.

மறுநாள் போய் உட்கார்ந்தார். எழுதிக்கொண்ட பெண் அதிகாரி கெட்டிக்காரி. அறையை அனுமதியில்லாமல் திறந்துவிட்டது தான்தான் என்பதை ஆம்ப்ரோஸ் முதலிலேயே சொன்னார். எல்லாம் எழுதி முடித்த பிறகு, அதற்கு முன் அவன் நடத்தையில் எதையாவது கவனித்தீர்களா என்று அந்த அதிகாரி கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பக்கத்து நாற்காலியில் ஃபிசா இருந்தாள்.

"கவனிச்சேன் மேடம்" என்றார். ஆறாம் நாள் அவன் கதவைப் பார்த்ததையும், சந்துக்குள் போனதையும், தான் கேட்காமல் விட்டதையும் சொன்னார். ஃபிசா அவரைத் திரும்பிப் பார்த்தாள். போனில் ஃபிசாவை எடுத்த முதல் வீடியோ அந்த ஆறாம் நாள் எடுத்தது என்று அதிகாரி காகிதத்தைப் புரட்டிச் சொன்னார்.

சாய்நாத்தை மூன்றாம் நாள் அவன் மச்சான் வீட்டில் பிடித்தார்கள். ஆம்ப்ரோஸை அந்த வாரமே முதலாளி கூப்பிட்டனுப்பினார். உன்மேல் எனக்கு வருத்தமில்லை, ஆனால் விதியை மீறினேன் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய், இனி உன்னை வைத்திருந்தால் எந்தக் கம்பெனியும் என் வண்டியைக் கூப்பிடாது என்றார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு ஆம்ப்ரோஸ் வெளியே வந்தார். ஏக்காட்டுத்தாங்கல் தெருவில், லேத் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு, வாய்விட்டுத் திட்டினார். சாய்நாத்தை, சுந்தரராமனை, முதலாளியை, கடைசியில் தன்னை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வீட்டில் ஜோனிடம் தன் பங்கை மட்டும் சொன்னார். அந்தப் பெண் யார், எந்த ஊர், அந்தப் போனில் என்ன என்று அவள் கேட்கவில்லை. கோயில் வாசலில் கிளிஃபர்ட் நாலு பேர் முன்னால், என்னடா, ஏதோ பெண் விவகாரமாமே என்று இழுத்தபோது, ஜோன்தான் முந்திக்கொண்டாள். இவர் வேலை போனதைப் பற்றி வேண்டுமானால் கேளுங்கள் அத்தான், மற்றது உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லாதது என்று டீச்சர் குரலில் சொல்லிவிட்டு, புருஷனின் கையைப் பிடித்து நடந்தாள்.

இப்போது ஆம்ப்ரோஸ் ஓர் அலுவலகத்துக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அடையாறில் ஆரம்பித்து தி. நகர் வழியாகப் போய் வர வேண்டும். படம் வெளியாகிவிட்டது. ஃபிசாவின் ஆறு காட்சிகளில் மூன்றை வெட்டிவிட்டார்கள். இரண்டு மணிக்கு எடுத்த அந்தக் காட்சி மட்டும் முழுசாக இருந்தது. சுந்தரராமன் அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவே இல்லை. டிவி தொடர்களுக்குக் குரல் கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறாள். வழக்கு வாய்தாவில் இருக்கிறது. மற்ற பெண்களில் ஒருத்தியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்னும் மூன்று பேர் யாரென்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு காலை, தி. நகரில் சிக்னலுக்காக வேனை நிறுத்தியிருந்தார். வலது பக்கம் ஒரு கேரவன் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தார். ஸ்டியரிங்கில் சாய்நாத். ஜாமீனில் வந்தவன் வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். வாயில் எதையோ மென்றுகொண்டு, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்க்கவில்லை.

ஆம்ப்ரோஸின் கை கதவுப் பிடிக்குப் போனது. இறங்கி, அவனை அந்த உயரத்தில் இருந்து இழுத்துப் போட்டு, நடுத்தெருவில் கூட்டம் கூட்டி இவன் யார் தெரியுமா என்று கத்த வேண்டும் போல உடம்பெல்லாம் கொதித்தது. பின்னால் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மட்டும் காரணமில்லை. பிடியில் இருந்து கையை எடுத்தார். கேரவனின் நம்பரை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டார். பச்சை விழுந்து அது போய்விட்டது.

ஆட்களை இறக்கிவிட்டு, வேனை ஓரம் கட்டி, போனை எடுத்து ஃபிசாவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். எழுதுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. 'அவனைப் பத்தி ஒரு விஷயம் பார்த்தேன்மா. உனக்குத் தெரிய வேண்டாம்னா நான் யார்கிட்டயும் பேசமாட்டேன். சொல்லட்டுமா?'

ஒரு மணி நேரம் பதில் இல்லை. அவர் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவன் மென்றுகொண்டிருந்த அந்த வாய் கண்ணை விட்டுப் போகவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள். டப்பிங் முடித்து இப்போதுதான் வெளியே வந்தாளாம்.

"சொல்லுங்கண்ணா" என்றாள்.

அவன் மறுபடியும் கேரவன் ஓட்டுவதைச் சொல்லி, வண்டி நம்பரையும் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.